நெடுவழியில் ஒரு நாள்

ஆற்றுப்படை என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தே நம் மாணாக்கர் பலர் நதியையும் சேனையையும் நினைத்துக்கொள்கின்றனர். ஆறு என்பது ஈண்டு வழி. படுத்தல் என்பது செலுத்துதல். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட வறியோனை நிறுத்தி, இவ்வழியாற் போ, இன்ன இடத்தில் நீர் உண்டு, இன்ன இடத்திற் பாறை வழுக்கும், இன்ன குடியிற் சோறு கிடைக்கும் என்று சொல்லி விடுப்பதே அவ்விலக்கிய வகை. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளே. அவற்றுள் மலைபடுகடாம் மலைவழியின் இடர்களை எத்துணை நுணுக்கமாக எடுத்துரைக்கின்றது என்பதைப் படித்தோர் அறிவர். நெடுந்தூரம் நடப்போர் அருகிவிட்ட இக்காலத்தில் இவ்வகை வெறும் பரீட்சைப் பாடமாய் எஞ்சிவிட்டதென்று கவலையுறுவோர் உளர். அவர்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் புறத்து மலைத்தொடரைச் சற்று நோக்குவார்களாக. அங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் முதுகிற் சுமையோடு மாதக்கணக்கில் நடக்கின்றனர். எதிர்ப்படும்போது அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் நீர், பாறை, சோறு என்னும் இம்மூன்றையுமே.

அவ்வழியின் பெயர் அப்பலாச்சியன் நெடுவழி. தெற்கே ஜோர்ஜியா மாநிலத்தின் ஸ்பிறிங்கர் மலையில் தொடங்கிப் பதினான்கு மாநிலங்களைக் கடந்து, வடக்கே மெயின் மாநிலத்தின் கட்டாடின் மலையுச்சியில் முடிகின்றது. நீளம் ஏறக்குறைய 2,190 மைல். நம் தீவைப் பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நேர்கோட்டில் எட்டு முறை நடந்தால் அத்தூரம் வரும். ஆயின் இது நேர்கோடும் அன்று, வண்டிப் பாதையும் அன்று. மலைக்கு மலை ஏறியிறங்கும் ஒற்றையடிப் பாதை. ஒரே மூச்சில் முழுவதையும் நடப்போர்க்கு ஐந்து முதல் ஏழு மாதம் செல்லும். அந்நோக்கத்தோடு புறப்படுவோருள் நால்வருக்கு ஒருவரே முடிவைக் காண்கின்றனர் என்பர்.

இத்தகையோரைப் பற்றிச் செய்தித் தாள்கள் எழுதும்போது, “தன்னந்தனியே ஈராயிரம் மைல்” என்று தலைப்பிடுதல் வழக்கமாகிவிட்டது. இச்சொல் எம்மை உறுத்துகின்றது. நடப்போருடைய ஒரு நாளைக் காலை முதல் இரவு வரை தொடர்ந்து பார்ப்போர்க்கு, அச்சொல் எத்துணை பொருந்தாதது என்பது விளங்கும்.

காலையில் அவர் கண் விழிப்பது பெரும்பாலும் ஒரு கொட்டிலில். மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்புமாக மரத்தாலோ கல்லாலோ அமைந்த இத்தகைய தங்குமிடங்கள் வழி நெடுகிலும் இருநூற்றைம்பதுக்கு மேல் உள. மடம் என்று சொன்னால் நம் வாசகர்க்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. கதவு இல்லை, காவலன் இல்லை, மிகப் பலவற்றிற்குக் கூலியும் இல்லை. முந்திய நாள் மழையில் நனைந்த காலுறை இன்னும் உலர்ந்திராது. உலர்ந்த சோடி ஒன்று பையில் இருக்கும். ஆனால் அஃது இரவுக்கு உரியது. அதை இப்போது அணிந்துவிட்டால் இரவில் அணிய ஒன்றுமில்லை. ஆகவே குளிர்ந்து விறைத்த ஈரக் காலுறையையே மீண்டும் காலில் ஏற்றி, ஈரச் சப்பாத்தைப் பூட்டிக்கொண்டு எழுதல் வேண்டும். மலையேறுவதினும் இதுவே கடிது என்று சொல்வோரும் உண்டு.

பின்னர்ச் சுமை. கூடாரம், போர்வைப் பை, அடுப்பு, நாலைந்து நாளுக்குரிய உணவு, நீர் ஆகிய யாவும் முதுகிலே. தொடக்கத்தில் நாற்பது இறாத்தலுக்கு மேற் சுமந்து புறப்படுவோர், முதல் வாரத்திலேயே பாதிப் பொருளைத் தபால் மூலம் வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். பற்றூரிகையின் பிடியைப் பாதியாக அறுத்தெறிவோர் உளர். புத்தகம் கொண்டு செல்வோருட் சிலர், படித்து முடித்த பக்கங்களை அன்றன்றே கிழித்து நெருப்பிலிடுவர். துறவுகளுள் இத்துறவு மட்டும் எமக்கு உவப்பில்லை என்பதை ஈண்டுக் குறித்துவைக்கின்றோம். நீரின் கணக்கோ மிகக் கண்டிப்பானது. ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோக்கிறாம். அடுத்த ஊற்று மூன்று மைலில் உண்டென்று தெரிந்தவர் அரை லீற்றரோடு போவார். தெரியாதவர் மூன்று லீற்றரைச் சுமப்பார். அவ்வூற்று வற்றிவிட்டதா இல்லையா என்பதை நேற்று அவ்வழி வந்த ஒருவரே சொல்லல் கூடும். தெரிந்த செய்தி ஒன்று முதுகின் பாரத்தை இரண்டு கிலோவுக்கு மேற் குறைத்துவிடுகின்றது.

இனி நடை. இயற்கை அழகில் திளைத்தபடி உலாவுதல் என்று கருதுவோர் ஏமாறுவர். காடு அடர்ந்து மூடியிருப்பதால் இவ்வழியைப் பச்சைச் சுரங்கம் என்றே நடப்போர் அழைக்கின்றனர். நாளில் ஓரிரு முறை பாறை முகட்டில் வானம் திறக்கும். ஏனைய பொழுதெல்லாம் கண்ணிற்படுவது முன்னேயுள்ள நாலு முழ மண்ணும் வேரும் கல்லுமே. பென்சில்வேனியாவில் அக்கற்கள் கூர்மேலாகக் கிடந்து சப்பாத்தின் அடியைத் தின்றுவிடும். மணிக்கு இரண்டு மைல், நாளுக்குப் பதினைந்து மைல் சென்றால் நல்ல நடை. ஆனால் ஒன்றை மட்டும் கண் இடைவிடாது தேடிக்கொண்டிருக்கும். அது மரத்திலோ பாறையிலோ தீட்டப்பட்ட, இரண்டங்குல அகலமும் ஆறங்குல உயரமும் உள்ள ஒரு வெள்ளைக் கோடு. ஒரு கோடு கண்டால் வழி சரி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்டால் வழி திரும்புகின்றது, விழித்திரு என்பது பொருள். நீலக் கோடு நீருக்கோ மடத்துக்கோ பிரியும் கிளைவழி. வெள்ளைக் கோடுகள் மொத்தம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகின்றனர். அவை காலத்தில் மங்குகின்றன. மரம் சாய்ந்தால் மரத்தோடு போகின்றன. அவற்றைத் தூரிகை கொண்டு ஒவ்வொன்றாக யாரோ ஒருவர் தீட்டிக்கொண்டே இருக்கின்றார்.

அக்கோடுகள் இல்லாவிடின் என்ன ஆகும் என்பதை எம்மா கேற்வூட் அம்மையாரின் வரலாறு காட்டும். 1887ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்திற் பிறந்த இவ்வம்மையார் பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். கணவனின் கொடிய அடியைப் பல்லாண்டு தாங்கி, இறுதியில் விவாகரத்துப் பெற்றவர். 1949இல் வெளிவந்த நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையொன்றில் இந்நெடுவழியைப் பற்றிப் படித்து, அதை நடந்துவிடுவதென முடிவு செய்தார். 1954இல் வடமுனையிற் புறப்பட்டு, காட்டில் வழி தவறி, மூக்குக் கண்ணாடியும் உடைந்து, காட்டதிகாரிகளால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு தம் பிள்ளைகளிடம் நடந்துவரப் போவதாக மட்டும் சொல்லி, 1955 மே 3ஆம் நாள், அக்காலத்துத் தென்முனையாயிருந்த ஓகில்தோர்ப் மலையிலிருந்து புறப்பட்டார். வயது 67. கூடாரம் இல்லை, போர்வைப் பை இல்லை. தாமே தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் இட்டு, கான்வஸ் சப்பாத்து அணிந்து, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்றைப் போர்த்துக்கொண்டு நடந்தார். உலர்ந்த முந்திரிகை, பருப்பு வகை, பேணியில் அடைத்த இறைச்சி, வழியில் விளைந்த கீரை என்பனவே உணவு. குளிர் மிகுந்த இரவுகளில் கற்களை நெருப்பில் சுட்டு அவற்றின்மேற் படுத்தார்.

சஞ்சிகை வருணித்த நல்வழியை அவர் காணவில்லை. பல இடங்களிற் குறிகள் அழிந்திருந்தன, மடங்கள் இடிந்திருந்தன, பாதை புதர் மூடிக் கிடந்தது. அதை அவர் பத்திரிகையாளரிடம் ஒளியாது சொன்னார். ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு சூறாவளிகள் அடுத்தடுத்து வந்து ஓடைகளையெல்லாம் ஆறாக்கின. வேர்மொன்ற் மாநிலத்தில் பாலம் அடித்துச் செல்லப்பட்ட ஒரு நீர்த்துறையில், கடற்படையைச் சேர்ந்த இளைஞர் இருவர் அவரைத் தம் இடையே கயிற்றாற் பிணைத்துக் கடத்திவிட்டனர். இரவில் முன்பின் அறியாதார் வீட்டுக் கதவைத் தட்டினார். சிலர் சோறும் படுக்கையும் தந்தனர். சிலர் கதவைச் சாத்தினர். வெளித்திண்ணை ஊஞ்சலிற் படுத்த இரவுகளும் உண்டு. 146ஆம் நாள், செப்டெம்பர் 25இல், கட்டாடின் உச்சியை அடைந்தார். ஒரே தொடரில் முழுவழியையும் தனித்து நடந்த முதற் பெண்மணி என வரலாறு கூறும் இவரே, அந்நடையில் தம்மைக் கடத்திவிட்ட கைகளை மறவாதவர். பின்னர் இன்னும் இருமுறை அவ்வழியை நடந்து முடித்து, முதிர்ந்த வயதில் தம் மாவட்டத்திலேயே பிறர் நடப்பதற்கு ஒரு வழியை வெட்டிக் குறியிட்டார். 1973இல் காலமானார். அவரது நடையினும் அந்தக் குறியீட்டு வேலையே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

நண்பகலுக்குத் திரும்புவோம். தென்திசை செல்வோரும் வடதிசை செல்வோரும் எதிர்ப்படுவது பெரும்பாலும் இந்நேரத்தில். நின்று, சுமையை இறக்காமலே, இரண்டு நிமிடம் பேசுவர். ஊற்று ஓடுகிறதா? அடுத்த மடத்தில் இடம் உண்டா? கரடி நடமாட்டம் உண்டா? பாலம் நிற்கிறதா? ஒருவன் கடந்து வந்தது மற்றவன் கடக்கப் போவது. ஆகையால் ஒவ்வொருவரும் மற்றவர்க்குப் பாணனும் ஆகின்றார், வழிகாட்டியும் ஆகின்றார். நம் பழம் பாட்டில் ஆற்றுப்படுத்துவோன் முன்னமே பரிசில் பெற்றவன்; இங்கே இருவரும் இன்னும் பெறாதவர்கள். வேற்றுமை அவ்வளவே.

பேச்சாற் சொல்லாததை எழுத்தாற் சொல்வதற்கும் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு மடத்திலும் ஒரு கொப்பி தொங்கும் அல்லது கிடக்கும். வந்தவர் நாளும் பெயரும் இட்டு இரண்டு வரி எழுதிச் செல்வர். ஊற்று வற்றியது, குளவிக் கூடு உண்டு, இன்னார் கால் சுளுக்கியது, பின்னே வருவோர் கவனிக்க என்பன போன்றவை. நகைச்சுவை உண்டு, மழையைத் திட்டுவோர் உண்டு, எப்பொழுதாவது நல்ல செய்யுளும் உண்டாம். காணாமற்போன ஒருவரைத் தேடுவோர் முதலிற் புரட்டுவதும் இக்கொப்பியையே. எழுத்தாளர் என்று பெயர் வாங்கும் நோக்கமின்றி, அடுத்து வருபவன் ஒருவனுக்குப் பயன்படவேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு எழுதப்படும் எழுத்து உலகில் மிகுதியாக இல்லை. பயணக் கட்டுரை எழுதும் நம் இளைஞர், சென்றடைந்த இடங்களின் பெயரை அடுக்குவதோடு நில்லாமல், நீர் எங்கே இருந்தது என்பதையும் எழுதினால் நன்றாயிருக்கும்.

அக்கொப்பிகளில் யாரும் பெற்றோர் இட்ட பெயரை எழுதுவதில்லை என்பது மற்றொரு சுவையான செய்தி. வழியிலே உடன் நடப்போர், ஒருவர் செய்த ஏதோ ஒரு செயலையோ சொன்ன சொல்லையோ பிடித்துப் புதுப்பெயர் சூட்டிவிடுவர். அப்பெயராலேயே ஆறு மாதம் அறியப்படுவார். அவர் வைத்தியரோ தச்சரோ வேலையற்றவரோ, யாரும் கேட்பதில்லை. செம்புலப்பெயனீராரையும் குப்பைக்கோழியாரையும் அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. தம் சொல்லே தம் பெயராகிவிட்ட புலவர்கள் நம்மிடத்தில் நிரம்ப உளர்.

பசியைப் பற்றி ஒரு சொல். நாளெல்லாம் மலையேறும் உடம்பு நாலாயிரம், ஐயாயிரம் கலோரிக்கு மேற் கேட்கும். அவ்வளவையும் முதுகிற் சுமத்தல் இயலாது. சில வாரங்களில் உடம்பின் கொழுப்புத் தீர்ந்தபின், தீராப் பசி ஒன்று பற்றிக்கொள்ளும். நாலைந்து நாளுக்கொருமுறை அருகிலுள்ள சிற்றூருக்கு இறங்கி, தபாற் கந்தோரில் வீட்டார் அனுப்பிய உணவுப் பொதியை எடுத்து, சாப்பாட்டுக் கடையொன்றில் மூவர் உண்பதை ஒருவர் உண்பர். பென்சில்வேனியாவில் பாதிவழிக்கு அணித்தாக உள்ள ஒரு பூங்காக் கடையில், அரைக் கலன் ஐஸ்கிறீமை ஒரே இருப்பில் உண்டு தீர்த்தல் ஒரு சடங்காகவே நடக்கின்றது. வழி சாலையைக் குறுக்கிடும் இடங்களில், ஊரார் சிலர் பெட்டி நிறையப் பழமும் குளிர்பானமும் வைத்துவிட்டுப் போவதுண்டு. வைத்தவர் யாரென்பது உண்டவருக்குத் தெரியாது. நம் தண்ணீர்ப்பந்தற் காரரும் உண்டவரின் பெயரைக் கேட்டதில்லை.

மாலை மடத்தை அடைந்தபின்னும் வேலை ஓயாது. நீர் முகந்து வடித்தல் வேண்டும். அடுப்பு மூட்டல் வேண்டும். உண்ணி கடித்திருக்கிறதா என்று காலைத் தடவிப் பார்த்தல் வேண்டும், உண்ணிக் கடியால் வரும் லைம் நோய் நடையையே முடித்துவிடும். எஞ்சிய உணவைக் கரடிக்கு எட்டாதபடி மரக்கிளையிலோ இரும்புப் பெட்டியிலோ பத்திரப்படுத்தல் வேண்டும். கரடி எப்பொழுதாவது வருவது. எலியோ எப்பொழுதும் இருப்பது. பை தொங்கும் கயிற்றின் நடுவில் வெற்றுப் பேணியொன்றைக் கவிழ்த்துக் கோத்திருப்பர். கயிற்றில் இறங்கும் எலி பேணியைத் தாண்டமாட்டாது சறுக்கும். இரவு ஒன்பது மணியை நடப்போரின் நள்ளிரவு என்பர். அதற்குமுன்னரே பெரும்பாலார் உறங்கிவிடுவர். மழை பெய்யும் இரவில் இடமில்லையென்று ஒருவரையும் திருப்பி அனுப்பலாகாது. பத்துப் பேர் நெருங்கிப் படுத்தால் பதினொராமவர்க்கும் இடம் உண்டு என்பது அங்கே எழுதாச் சட்டம்.

இவ்வழி தானாக உண்டானதன்று. 1921இல், மனைவியை இழந்த துயரில் இருந்த பென்ரன் மக்காய் என்னும் அறிஞர், நகரத்துத் தொழிலாளர் மூச்சு விடுவதற்கு மலைமுகட்டில் ஒரு வழி வேண்டுமென்று கட்டுரையொன்று வரைந்தார். கட்டுரையை வழியாக்கியவர், அளவைச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு காடு காடாக நடந்த மைரன் ஏவெரி என்னும் வழக்கறிஞர். இருவரும் பின்னர்ப் பகைத்துக்கொண்டனர் என்பது வருந்தத்தக்கதே. ஆயினும் வழி 1937இல் முற்றுப்பெற்றது. அடுத்த ஆண்டே ஒரு சூறாவளி அதன் வடபகுதியைச் சிதைத்தது. 1948இல், போரில் உயிர்நண்பனை இழந்த ஏர்ல் ஷாபர் முழுவழியையும் ஒரே தொடரில் நடந்தபோது, பல இடங்களில் வழியையே தேட வேண்டியிருந்தது. 1968இல் அரசு சட்டமியற்றிக் காப்பளித்தது. எனினும் இன்றும் வழியைப் பேணுவோர் முப்பது வரையிலான சங்கங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான தொண்டர்களே. ஆசிரியர், எழுதுவினைஞர், ஓய்வூதியர் ஆகிய இவர்கள் விடுமுறை நாளில் மண்வெட்டியும் தூரிகையும் கொண்டு மலையேறுகின்றனர். கூலி இல்லை. காடாகவே விடப்பட வேண்டுமெனச் சட்டம் வகுத்த பகுதிகளில் இயந்திர வாளும் பொதுவாக ஆகாது. இருவர் இழுக்கும் கைவாளாலேயே விழுந்த மரத்தை அறுத்தல் வேண்டும்.

2024ஆம் ஆண்டு செப்டெம்பரில், தாரா டவர் என்னும் பெண்மணி முழுவழியையும் 40 நாள் 18 மணி நேரத்தில் கடந்து புதுச் சாதனை நிறுவினார். உணவும் படுக்கையுமாக ஒரு குழு அவருக்கு உதவிச் சென்றது. அதை அவர் மறைக்கவில்லை. வேகத்தைக் குறை சொல்லோம். ஆயின் வழியை நாட்கணக்காக மட்டும் பார்ப்போர்க்கு ஒன்று சொல்வோம். அவர் முடித்த சில நாட்களுக்குள் ஹெலீன் சூறாவளி அம்மலைகளைத் தாக்கியது. தென்பகுதியில் நூற்றுக்கணக்கான மைல் வழி மூடப்பட்டது. மரங்கள் அடுக்கடுக்காய்ச் சாய்ந்தன. தெனெசி மாநிலத்தில் நொலிச்சக்கி ஆற்றைக் கடக்க உதவிய பாலம் அடித்துச் செல்லப்பட்டது. எத்துணை விரைந்த காலும் அங்கே ஓரடி வைத்திருக்க முடியாது. அடுத்த பருவத்தில் நடப்போர் வருமுன் அம்மரங்களை அறுத்து வழி திறந்தவர்களுக்குச் சாதனைப் பட்டியல் எதுவும் இல்லை. பாலம் போன துறையிலே 2025இல் நடப்போருக்காக ஓடம் விடப்பட்டது.

ஓடம் அவ்வழிக்குப் புதிதன்று. வடகோடியில் மெயின் மாநிலத்திலே கெனபெக் என்றோர் ஆறு உண்டு. மேலே அணையைத் திறந்தால் நீர் முன்னறிவிப்பின்றிப் பெருகும். 1985இல் அதை இறங்கிக் கடக்க முயன்ற ஒருவர் மூழ்கி இறந்தார். அதன்பின் நடப்போரை ஏற்றிக் கடத்துவதற்கு ஒரு சிறு தோணி ஏற்படுத்தப்பட்டது. அத்தோணியே வழியின் ஒரு பகுதியென்று விதித்தும் விட்டனர். ஆகவே அதன் அடித்தட்டிலும், காலை வைக்கும் இடத்திலே, அந்த வெள்ளைக் கோட்டைத் தீட்டியிருக்கின்றனர்.